வெள்ளைத்தலை இடம் மாறிய ஆடி

கடைசியாகச் சடையப்பன் டாக்டரம்மாவை உயிரோடு பார்த்தபோது, அவர் நெரிஞ்சிக்கோம்பையின் பஸ் நிறுத்தத்தில் மடியில் மூங்கில் கூடையை வைத்துக்கொண்டு, சற்றுமுன் பாதையோரத்தில் பறித்த வெள்ளைத்தலைக் காளான் ஒன்றை மூக்கருகே பிடித்து முகர்ந்துகொண்டிருந்தார். மழை ஓய்ந்த காலை. பஸ் இன்னும் வரவில்லை. கீழே எட்டாவது வளைவில் அது திணறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சடையா, இதைப் பாரு," என்று காளானின் தண்டைச் சுற்றியிருந்த மெல்லிய வளையத்தை இரண்டு விரலால் மேலும் கீழும் நகர்த்திக் காட்டினார். "மோதிரம் மாதிரி. புல்லுக்குடைக்கும் தண்டுல வளையம் உண்டு. உங்க சாம்பல்குடைக்கு இப்படி இல்ல. ரொம்ப நாளா எனக்கு இது உறுத்திக்கிட்டே இருக்கு."

"அதனால என்னங்கம்மா?"

"வெள்ளைத்தலையும் சாம்பல்குடையும் ஒரே குடும்பம் இல்லையோன்னு சந்தேகம். ரெண்டும் மையா உருகுதேன்னு ஒண்ணா எழுதி வச்சிட்டோம். ஒரே நிறத்துல சட்டை போட்டிருந்தாங்கன்னு ரெண்டு பேரை அண்ணன் தம்பின்னு எழுதின மாதிரி."

டாக்டரம்மாவின் தகரப்பெட்டியை பஸ்ஸின் தலைக்கு ஏற்றுவதற்காகத் தூக்கி நின்ற சடையப்பன், அதைத் தன் கால்மேலேயே போட்டுக்கொண்டான். வலி அவனுக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. நெரிஞ்சிக்கோம்பையில் மனிதர்களுக்கு உறவுமுறை சொல்வது காளான்கள். ஊரில் மூன்று கொத்து. வெள்ளைத்தலைக் கொத்து, சாம்பல்குடைக் கொத்து, புல்லுக்குடைக் கொத்து. ஒவ்வொரு கொத்தும் தன் காளானைத் தொடாது, தின்னாது, பாதையில் கண்டால் சுற்றிக்கொண்டு போகும். எந்தக் காளானுக்கு எந்தக் காளான் உறவோ அதே உறவுதான் அந்தக் கொத்துக்காரர்களுக்கும். வெள்ளைத்தலையும் சாம்பல்குடையும் ஊருக்குப் பின்னாலிருந்த சரிவில் ஒன்றாக முளைத்து, ஒன்றாக விரிந்து, விரிந்த மறுநாளே கறுப்பு மையாக உருகி ஒழுகும் என்பதால், இருவரும் ஒரே துக்கத்தைச் சுமக்கிறவர்கள், ஆகவே பங்காளிகள், அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிடையாது என்று முன்னோர் முடிவு செய்திருந்தார்கள். புல்லுக்குடை ஓடைக்கு அந்தப்பக்கம் மேய்ச்சல் வெளியில் தனியாக முளைத்தது. உருகாது, ஒழுகாது, வாடி உதிரும். அது இருவருக்கும் மாமன் மச்சான்.

சடையப்பன் சாம்பல்குடை. அந்தக் கொத்தில் மிஞ்சியிருந்த ஒரே வீடு அவனுடையது, அந்த வீட்டில் மிஞ்சியிருந்தவனும் அவன் ஒருவன்தான். குருந்தாயி வெள்ளைத்தலை, ஊர் மூப்பன் பழனாண்டியின் ஒரே மகள்.

இருவரையும் சேர்த்து வைத்தவர் டாக்டரம்மாதான், அதுவும் தெரியாமல். டாக்டர் எஸ்தர் கனகமணி நகரத்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து முதல் மழைக்கு வந்து கூலிக்கு ஆள் கேட்டபோது, சாம்பல்குடையைச் சடையப்பன் தொடமாட்டான் என்றும் வெள்ளைத்தலையைக் குருந்தாயி தொடமாட்டாள் என்றும் அறிந்து, இரண்டு பேரையுமே வைத்துக்கொண்டார். ஆறு மழைக்காலம் சடையப்பன் வெள்ளைத்தலைகளைப் பறித்துக் குருந்தாயியின் பக்கம் பாராமல் கூடையில் வைத்தான். ஆறு மழைக்காலம் குருந்தாயி சாம்பல்குடைகளைப் பறித்து அவன் பக்கம் பாராமல் கூடையில் வைத்தாள். அவனுக்கு வேண்டியதெல்லாம் அவள் கையில் இருந்தது, அவளுக்கு வேண்டியதெல்லாம் அவன் கையில். நாலு பேர் எதிரில் அவள் அவனை "அண்ணே" என்றாள். யாரும் இல்லாதபோது எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அந்த ஒன்றும் இல்லாத இடத்தைத்தான் சடையப்பன் ஆறு வருஷம் பத்திரமாக வைத்திருந்தான்.

இப்போது அவளுக்கு முப்பதாகிவிட்டது. கீழூரில் பார்த்திருந்த மாப்பிள்ளைக்கு வருகிற ஆவணியில் கட்டிக்கொடுப்பதாகப் பழனாண்டி வாக்குக் கொடுத்திருந்தார்.

கடிதம் ஆனி மாதம் வந்தது. ஒரு உறைக்குள் இன்னொரு உறை. வெளியுறையில் டாக்டரம்மாவின் உதவியாளர் நாலு வரி எழுதியிருந்தார்: அம்மா பங்குனியில் காலமானார், இதைச் சடையப்பனுக்கும் குருந்தாயிக்கும் சேர்த்து அனுப்பச் சொன்னார். உள்ளுறையில் டாக்டரம்மாவின் கையெழுத்து, அவருக்கென்று குருந்தாயி சாம்பல்குடையைக் கிராம்பு போட்டுக் காய்ச்சித் தந்திருந்த மையில். காளான்களின் உள்ளே இருக்கும் மரபணுவைப் பிரித்துப் படித்துவிட்டார்கள் என்றும், வெள்ளைத்தலையும் சாம்பல்குடையும் ஒரு குடும்பம் அல்ல என்றும், வெள்ளைத்தலை உண்மையில் புல்லுக்குடையின் சொந்தம் என்றும் எழுதிவிட்டு, கடைசியாக ஒரு வரி சேர்த்திருந்தார். *அவை எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கின்றன. நமக்குத்தான் இப்போது தெரிகிறது.*

சடையப்பன் அதைப் பால் சொசைட்டி கொட்டகையில், கறந்த பாலோடு வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தான். டாக்டரம்மாவுக்காக ஊர் பால் பாத்திரங்களைக் கீழே இறக்கி வைத்தது. பிறகு பழனாண்டி தொண்டையைக் கனைத்தார்.

"நல்ல மனுஷி. ஆனா கடுதாசி நமக்குத்தானே வந்திருக்கு, காளானுக்கு வரலையே. அதுக்குத் தெரியுமா அது யாருன்னு?"

ஊர் சிரித்தது. குருந்தாயி சிரிக்கவில்லை. அப்பா சொன்னதில் நியாயம் இருப்பதாக அவளுக்குப் பட்டது. சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல்லாமல் ஊருக்கு மட்டும் படித்தது மரியாதை இல்லை என்று, மறுநாள் காலை கடிதத்தை வாங்கிக்கொண்டு சரிவுக்குப் போய், ஈரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, காளான்களுக்கு முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தாள். விளங்காதோ என்று ஒரு பத்தியை இரண்டு தடவை படித்தாள்.

ஆடி இரண்டாம் நாள் வெள்ளைத்தலைகள் கிளம்பின.

பார்த்துக்கொண்டே நின்றால் அவை நகரவில்லை. பாலை ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஒரு சாண் முன்னால் நின்றன. மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்தால் இன்னொரு சாண். பெரியவை முன்னால், குட்டை குட்டையாக இன்னும் விரியாதவை நடுவில், வயதாகி ஓரம் சுருண்டவை பின்னால் என்று ஒற்றை வரிசையில் சரிவைவிட்டு இறங்கி, கொட்டகையைச் சுற்றி, பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தைத் தாண்டி, ஓடையை நோக்கிப் போயின. மறுநாளே உருகிப்போகிற சாதி, அந்த ஒன்பது நாளும் ஒன்றுகூட உருகவில்லை. போய்ச் சேருகிறவரை மையை அடக்கிக்கொண்டு போயின. வாத்தியார் பிள்ளைகளை வேறு வாசல் வழியாக விட்டார். பஸ் டிரைவர் இரண்டு நாள் வண்டியைத் திருப்புகிற இடத்தை மாற்றிக்கொண்டார். ஆட்டுக்காரர்கள் ஆடுகளைக் கட்டிப்போட்டுத் தழை ஒடித்துப் போட்டார்கள். ஓடைக்குக் குறுக்கே போட்டிருந்த பலகை வழுக்குமே என்று பெண்கள் அதில் சாம்பல் தூவி வைத்தார்கள்.

குடி போகிறவர்களைச் சும்மா அனுப்புவது வழக்கமில்லை. ஆகவே வெள்ளைத்தலை வீட்டுக்காரர்கள் விளக்கும் உப்பும் நிறைகுடமும் எடுத்துக்கொண்டு, மிதித்துவிடாமல் பத்தடி தள்ளிப் பின்னாலேயே நடந்தார்கள். மேய்ச்சல் வெளியில் புல்லுக்குடை வீட்டுக்காரர்கள் மூன்று கல் கூட்டி, புதுப்பானையில் பால் காய்ச்சினார்கள். ஒன்பதாம் நாள் காலை பால் பொங்கிய நேரத்தில் வெள்ளைத்தலைகள் புல்லுக்குடைகளின் நடுவே போய் நின்றன. அப்புறம்தான், நெடுந்தூரம் வந்தவர்கள் சுமையை இறக்குகிற மாதிரி, எல்லாம் ஒன்றாக உருகின. புல்வெளி கறுத்து, அடுத்த மழையில் மறுபடியும் பச்சையாகி, புது வெள்ளைத்தலைகள் அங்கேயே முளைத்தன.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒரு பொழுது முழுக்க நினைத்திருந்தான் சடையப்பன். குருந்தாயி கொட்டகையில் எல்லோர் எதிரிலும் "அண்..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தி, பால் கேனைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்தப் பாதிச் சொல்லை அவன் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

மறுநாள்தான் ஊருக்குக் கணக்கு விளங்கியது. வெள்ளைத்தலை புல்லுக்குடைக்குச் சொந்தம் என்றால், அந்த இரண்டு கொத்தும் பங்காளிகள். அந்த இரண்டு கொத்துக்கும் நடுவே கட்டிக்கொண்டவர்கள் ஊரில் பதினோரு ஜோடி. அவர்கள் அத்தனை பேரும் அண்ணன் தங்கை. இன்றைக்கு ஆனதும் இல்லை, எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள் என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கிறார். பதினோரு ஜோடியில் முதல் ஜோடி வெள்ளைத்தலைப் பழனாண்டியும், புல்லுக்குடையில் பிறந்த அவர் மனைவி ஓவாயியும்.

பதினோரு வீட்டிலும் பாய் பிரிந்தது. யாரும் சொல்லவில்லை, தானாகப் பிரிந்தது. ஆண்கள் மாட்டுக்கொட்டிலில் படுத்தார்கள். கூச்சத்தில் யாரும் யாருக்கும் சோறு பரிமாறவில்லை. சட்டியை நடுவில் வைத்துவிட்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தின்றார்கள். ஓவாயி மட்டும் கூச்சப்படவில்லை. "நல்லதாப் போச்சு," என்று ஓடையில் துணி துவைக்கிறபோது சொன்னாள். "முப்பத்திரண்டு வருஷமா புருஷன்னு இருந்தப்போ ஒரு பேச்சுக் கேட்டதில்ல. அண்ணன்னு ஆன பிறகு கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர்றாரு."

ஆனால் சாயங்காலங்களில் அவள் கொட்டில் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பதைக் குருந்தாயி கண்டாள். கண்டதைச் சடையப்பனிடம் சொன்னாள்.

"எங்கப்பா கடுதாசியக் கொளுத்தணும்னு சொல்றாரு. வெள்ளைத்தலையைக் கூடையில அள்ளிப் பழைய சரிவுல கொண்டுபோய் விடணுமாம். பதினோரு வீடும் அதுக்குத் தலையாட்டுது. ஞாயித்துக்கிழமை கூடிப் பேசறாங்க."

"விட்டா?"

"விட்டா நீங்க எனக்கு மறுபடியும் அண்ணன்."

அவள் அதற்குமேல் நிற்கவில்லை. சடையப்பன் அன்று பூராவும் டாக்டரம்மா அவன் வீட்டில் விட்டுப்போயிருந்த இன்னொரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உலர்ந்த காளான்கள் தாள் உறைகளில் இருந்தன. ஒவ்வொரு உறைமேலும் ஒரு பெயர்ச்சீட்டு. ஐந்தாம் வகுப்போடு நின்ற அவனுக்கு அந்தச் சீட்டுகளில்தான் இங்கிலீஷ் எழுத்து பழகியது. பெயர் மாறினால் டாக்டரம்மா பழைய சீட்டைக் கிழிக்கமாட்டார். புதுச் சீட்டை அதன்மேல் வைத்து, மேல்விளிம்பில் மட்டும் பசை தடவி ஒட்டுவார். தூக்கிப் பார்த்தால் கீழே பழைய பெயர் இருக்கும், அதைத் தூக்கினால் அதற்கும் முந்தியது. "கிழிச்சா நாம எப்படி வந்தோம்னு தெரியாமப் போயிடும், சடையா. மேல ஒட்டு. ஓரத்துல மட்டும் ஒட்டு," என்று அவனைக் கொண்டே நூற்றுக்கணக்கில் ஒட்டவைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பால் அளந்து முடிந்ததும் கொட்டகையிலேயே ஊர் கூடியது. பதினோரு ஜோடியும் எதிரெதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். பழனாண்டி கொட்டிலில் படுத்த கழுத்துவலியோடு எழுந்து, கூடை வேலையை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். அப்போது சடையப்பன் எழுந்தான். ஊர்க்கூட்டத்தில் அவன் அதுவரை பேசியதில்லை.

"காளானைத் தூக்க வேண்டாங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். பேரை மேல ஒட்டிக்கலாம்."

"என்னத்தை ஒட்டறது?"

"பதினோரு பொம்பளைங்களும் பிறந்த கொத்து பிறந்த கொத்தாவே இருக்கட்டும். அதுக்கு மேல சாம்பல்குடைக் கொத்தை ஒட்டிக்கலாம். எங்க கொத்து இப்போ ரெண்டு பக்கத்துக்கும் மாமன் மச்சான்தானே. அவங்க எங்க வீட்டுல பிறந்தவங்கன்னு ஆயிட்டா, யாரும் யாருக்கும் அண்ணன் தங்கை இல்ல."

பதினோரு பெண்களும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"உங்க வீடுன்னா," என்றார் பழனாண்டி, "நீ ஒருத்தன்தானேடா."

"ஆமாங்க. நான் ஒருத்தன்தான்."

"பதினோரு பேருக்கும் பொங்கல் சீர் யாரு கொண்டுபோறது?"

"நான்தான்."

"பிள்ளைகளுக்கு மாமன் மடி? பொண்ணு சமைஞ்சா பச்சை ஓலை? கிழவி செத்தா பிறந்த வீட்டுக் கோடி?"

"எல்லாம் நான்தாங்க."

"யாரைக் கிழவிங்கறீங்க?" என்றாள் ஓவாயி. அவள் எழுந்து நின்றிருந்தாள். சடையப்பனை மேலும் கீழும் பார்த்தாள், சந்தையில் கன்றுக்குட்டியைப் பார்க்கிற மாதிரி. "இரு தம்பி, ஒண்ணு கேக்கறேன். நான் உங்க வீட்டுப் பொண்ணுன்னா நான் உனக்கு அக்கா. சரியா?"

"சரிங்க."

"அக்காவை எவன்டா சரிங்கங்கறான். அப்போ எம் மக உனக்கு யாரு?"

பழனாண்டி விரல்விட்டுக் கணக்குப் போட்டார். கூட்டத்தில் பாதிப்பேர் போட்டார்கள். ஒரே விரல்தான் வேண்டியிருந்தது என்றாலும் எல்லோரும் ஒருமுறை சரிபார்த்தார்கள். அக்கா மகள். முறைப்பெண்ணிலும் முதல் முறைப்பெண். தாய்மாமன் வேண்டாம் என்று சொன்னால்தான் வெளியில் மாப்பிள்ளை தேட முடியும். கீழூர் என்ன, எந்த ஊருக்குக் கொடுத்த வாக்கும் தாய்மாமன் உரிமைக்கு முன்னால் நிற்காது.

"இதை நினைச்சுத்தான் பேச ஆரம்பிச்சியா?" என்று கேட்டார் பழனாண்டி.

நினைத்தானா இல்லையா என்று ஊர் பின்னால் வெகுகாலம் பேசிக்கொண்டது. குருந்தாயிகூட ஒரு தடவை கேட்டாள். பெட்டியைத் திறந்தபோது நினைக்கவில்லை, மூடினபோது நினைத்திருந்தேன் என்று அவளிடம் மட்டும் சொன்னான்.

பழனாண்டி எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். கழுத்தைத் தடவிக்கொண்டார். "ராத்திரியில கொட்டில்ல கொசு தாங்கல," என்றார். அதுதான் தீர்ப்பு.

சீட்டுகளைக் குருந்தாயி எழுதினாள். சாம்பல்குடை பறித்து, கிராம்பு போட்டு, ஒரு பெரிய புட்டி நிறைய மை காய்ச்சினாள். ஒவ்வொரு பெண்ணுக்கும் கீழே ஒரு சீட்டு, பிறந்த கொத்தோடு. அதன்மேல் இன்னொரு சீட்டு, மேல்விளிம்பில் மட்டும் பசை தடவி, சாம்பல்குடை என்று. பதினோரு பேரும் வரிசையில் வந்து வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, சடையப்பன் வீட்டு நிலைப்படியைத் தொட்டுவிட்டு, அவரவர் புருஷன் வீட்டுக்கு அன்று சாயங்காலமே புதுப்பெண்களாகப் போனார்கள். அதில் மூத்தவளுக்கு அறுபத்தெட்டு வயது. அவள் புருஷன் வாசலில் சட்டையை மாற்றிக்கொண்டு நின்றிருந்தான்.

பன்னிரண்டாவதாகத் தனக்கும் ஒன்று எழுதிக்கொண்டாள் குருந்தாயி. கீழ்ச்சீட்டில், *குருந்தாயி, வெள்ளைத்தலை, சடையப்பனுக்குத் தங்கை முறை.* மேல்சீட்டில், *மனைவி.* பேசி வைத்த ஆவணியிலேயே கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளைதான் வேறு.

அதற்குப் பிறகு சடையப்பனுக்கு ஓய்வு என்பது இல்லை. பொங்கலுக்குப் பதினோரு கரும்புக் கட்டும் பதினோரு மஞ்சள் கொத்தும் பதினோரு பானையும் பஸ்ஸின் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தான். டிரைவர் பானைகளுக்காக எட்டாவது வளைவில் மெதுவாகப் போனார். அவன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பிள்ளைகளும், பிறகு அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும் அழுது நனைத்து, நல்ல வேட்டி என்று அவனிடம் ஒன்றும் தங்கவில்லை. அவனுக்கும் குருந்தாயிக்கும் பிள்ளை இல்லை. ஆனால் காலையில் ஓடைப்பக்கம் போய்வருவதற்குள் இருபது பேராவது அவனை "மாமா" என்று கூப்பிட்டார்கள், அத்தனைக்கும் அவன் நின்று பதில் சொல்லவேண்டியிருந்தது. குருந்தாயி அவனுக்குமுன் போய் வாசலில் நின்று சிரிப்பாள். "ஊருக்கே மாமன். என்னைக் கட்டறதுக்கு இவ்வளவு செலவா?"

"இன்னும் நாலு அக்கா இருந்திருந்தாலும் எடுத்திருப்பேன்," என்பான்.

அக்காக்கள் ஒவ்வொருவராகப் போனபோது பிறந்த வீட்டுக் கோடியை அவன்தான் கொண்டுபோய்ப் போர்த்தினான். ஆறு கோடி. பழனாண்டி போனார். நான்கு வருஷத்துக்கு முன் ஒரு புரட்டாசியில், மூன்று நாள் காய்ச்சலில், குருந்தாயி போனாள். ஓவாயி எண்பதைத் தாண்டி இன்னும் இருக்கிறாள். மகளைக் கொடுத்த கிழவி பொங்கலன்று தம்பி கொண்டுவரும் கரும்பைப் பல்லில்லாமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "குட்டையா இருக்கேடா," என்கிறாள். அவன் அடுத்த வருஷம் நீளமாகக் கொண்டுவருவதாகச் சொல்கிறான். இருவரும் குருந்தாயியைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் கரும்பு வெட்டி முடிகிறவரை சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள், அது இருவருக்கும் போதுமாக இருக்கிறது.

இந்த ஆனியில் மறுபடியும் ஒரு கடிதம் வந்தது. டாக்டரம்மாவின் உதவியாளர் இப்போது தலைநரைத்த பெரிய டாக்டர். இத்தனை நாள் ஒன்றாக வைத்திருந்த சாம்பல்குடை வகைகளையும் தனித்தனிப் பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள், பெட்டியில் சீட்டுகளை மாற்றவேண்டும் என்று எழுதியிருந்தார். சடையப்பன் அதைப் பால் சொசைட்டியில் படித்தான். "மாமா, உங்க வீட்டுலேயே பாகப்பிரிவினையா?" என்று ஒருவன் கேட்டான். "என்னை எத்தனையாப் பிரிச்சாலும் சீரு பதினொண்ணுதான்டா," என்றான் சடையப்பன். போய்ச் சேர்ந்த ஆறு அக்காக்களின் வீடுகளுக்கும் அவன் சீரை நிறுத்தவில்லை, மருமகள்கள் வாங்கிக்கொள்கிறார்கள்.

மறுநாள் காலை கடிதத்தோடு சரிவுக்குப் போய், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முன்பு குருந்தாயி நின்ற இடத்தில் நின்று சாம்பல்குடைகளுக்கு நிதானமாகப் படித்தான். ஒரு பத்தியை இரண்டு தடவை படித்தான். அவை இதுவரை எங்கேயும் கிளம்பவில்லை. கிளம்பினால் தூவுவதற்கு ஓடைப் பலகை அருகே ஒரு சட்டியில் சாம்பல் எடுத்து வைத்திருக்கிறான்.

பெட்டியில் இருந்த சீட்டுகளை மாற்றி முடித்துவிட்டான், குருந்தாயியின் மையில்தான். சாம்பல்குடையை அவன் தொடமுடியாது என்பதால் அந்த மையை இனி அவனால் காய்ச்ச முடியாது. அவள் தனக்கென்று எழுதிக்கொண்ட பன்னிரண்டாவது சீட்டின்மேல் அவன் எதையும் ஒட்டவில்லை. புட்டியில் இன்னும் இரண்டு விரல் உயரத்துக்கு மை இருக்கிறது.